மானுவேல் கார்சியா: குரல் போன பாடகர் எப்படி இவ்வளவு பெரிய ஆசிரியர் ஆனார்?

மந்திரஸ்தாயி கேட்டது:
மேற்கத்தியக் குரல் பயிற்சி பற்றி எதைப் புரட்டினாலும் கார்சியா (1805–1906) பெயர் வந்துவிடுகிறது. ஓபரா பாரிடோன் (நடுத்தர ஆண்குரல் பாடகர்), 24 வயதில் மேடையை விட்டார், கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்து ஒரு பாடமுறை கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். குரல் ஏன் போனது? கண்ணாடியில் என்ன தெரிந்தது? அவருடைய ‘கூ த க்ளோத்’ (coup de glotte, பிரெஞ்சில் ‘குரல்வாய் அடி’) தொண்டையைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பழையதட்டு:
வரிசையே தலைகீழ். பாடமுறை நூலின் முதல் பாகம் 1840, இரண்டாம் பாகம் 1847. கண்ணாடி 1854. காதால் கேட்டும் உடற்கூறு படித்தும் எழுதியதைத்தான் பின்னால் கண்ணால் சரிபார்த்தார்.

குரல் போனதற்கு அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் காரணம், மகரக்கட்டு உடையும் வயதிலும் நிறுத்தாமல் பாடியது. 1825 நவம்பரில் நியூயார்க் பார்க் தியேட்டரில் ரொசீனியின் ‘செவில் நாவிதன்’ ஓபரா. அப்பா அல்மவீவா வேடம், 20 வயது மகன் ஃபிகரோ, தங்கை மரியா (பின்னாளில் மாலிப்ரான் என்று புகழ்பெற்ற பாடகி) ரொசீனா, அம்மாவும் மேடையில். வீடே கம்பெனியாக இருந்தால் யாருக்கு ஓய்வு? 1829-ல் மேடையை விட்டார். 1830-ல் பிரெஞ்சு ராணுவத்தின் அல்ஜியர்ஸ் படையெடுப்போடு போய்த் திரும்பி, ராணுவ மருத்துவமனைகளில் குரல்வளையைப் படித்தார். அந்தப் படிப்புதான் மற்ற பாட்டு வாத்தியார்களிடம் இல்லாதது.

குரல்நாண்:
கண்ணாடி பற்றி. பல் வைத்தியருக்கென்று செய்த நீளக் காம்புக் கண்ணாடி ஒன்று, கையடக்கக் கண்ணாடி ஒன்று, வெயில். அவ்வளவுதான். சின்னதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து (இல்லாவிட்டால் மூச்சு பட்டு மங்கிவிடும்) தன் உள்நாக்கின் மேல் சாய்த்து வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பி, அந்தக் கைக்கண்ணாடியிலேயே பிம்பத்தையும் பார்த்தார். மூச்சு விடும்போது குரல்நாண்கள் அகல விரிவதும் சுரம் எழும்போது நெருங்குவதும் தெரிந்தன. குரல்வளையின் மூடி (எபிகிளாட்டிஸ்) மறைப்பதால் முன்பகுதி மட்டும் சரியாகத் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அங்கே எதுவும் பட்டாலே குமட்டும். வீட்டில் யாரும் முயல வேண்டாம். 1855-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். மருத்துவர்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியன்னாவில் ட்யூர்க் என்ற மருத்துவர் 1857-ல் முயன்று, குளிர்காலத்தில் வெயில் இல்லாமல் நிறுத்தினார். செர்மாக் என்ற உடலியலாளர் அதே கண்ணாடிகளை இரவல் வாங்கி விளக்கொளியில் பார்த்த பிறகுதான் கருவி பரவியது.

பழையதட்டு:
‘கூ த க்ளோத்’ என்பது சுரத்தைத் தொடங்கும் விதம், அவ்வளவே. நிமிர்ந்து, தாடையைத் தளர்த்தி, மெதுவாக மூச்சை நிரப்ப வேண்டும். குரல்நாண்கள் லேசாக ஒட்ட வேண்டும்; காற்றை முட்டவிடக் கூடாது. பிறகு நடு ஸ்தாயியில் ‘ஆ’, சுரத்தின் நடுவிலேயே. கீழிருந்து இழுத்து ஏறக் கூடாது. காற்று முந்தினால் ‘ஹா’ என்று கசியும். அழுத்தம் கூடினால் இருமல் மாதிரி வெடிக்கும். தினமும் அப்படி மோதினால் நாண்களின் ஓரம் வீங்கும். நெஞ்சிலிருந்து தள்ளும் இருமலோடு இதைக் குழப்பாதீர்கள் என்று கார்சியாவே எழுதியிருக்கிறார். பெயரில் ‘அடி’ இருப்பதைப் பார்த்து நிஜமாகவே அடித்தவர்கள்தான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள்.

மந்திரஸ்தாயி:
கெட்டுப்போன குரலை அவர் மீட்டதற்கு உதாரணம் உண்டா?

குரல்நாண்:
ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் ஓபரா பாடகி. 1841-ல் ஸ்டாக்ஹோமிலிருந்து பாரிசுக்கு வந்தபோது வயது 20. ஓயாமல் பாடிக் குரல் தேய்ந்திருந்தது. முதல் ஆறு வாரம் பாடவே விடவில்லை, பேச்சையும் குறைக்கச் சொன்னார். பிறகு ஆரோகண அவரோகணம், மிக மெதுவாக. ட்ரில்லும் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறிப் பாடுவது) அதே வேகத்தில்தான். 1842 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ‘நோர்மா’ ஓபராவில் பாடினார். ஆனால் இது களைத்த குரல். நாணில் முடிச்சு விழுந்திருந்தால் மௌனம் மட்டும் போதாது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அப்புறம் பாட்டு ஆசிரியர்.

பழையதட்டு:
அவர் மாணவி மார்கேசியையும் தேடிப் படியுங்கள். அவரும் பாடகியாகத் தொடங்கி ஆசிரியரானவர். ஆஸ்திரேலிய ஓபரா பாடகி மெல்பா அவரிடம் படித்தவர்.