சிமரான் கவுன்டி வழியாகப் போனவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் கவிழ்த்து வைத்த தட்டுகள் மறக்கவில்லை

நெடுஞ்சாலை287:
டென்வரிலிருந்து டாலஸுக்குக் காரில் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடி, சிமரான் கவுன்டியில் (கவுன்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் பாய்ஸ் சிட்டி. டயர் போய்விட்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "இந்த அளவு டயர் வர இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்" என்று கூட்டிப்போனார்.

அவருடைய அம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். மேசையில் நான்கு தட்டு, நான்கு டம்ளர், எல்லாமே கவிழ்த்து வைத்திருந்தது. நான் உட்கார்ந்ததும் என் தட்டை நிமிர்த்தினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அதை மறுபடி கவிழ்த்தார். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, விளிம்பை விரலால் ஒரு சுற்று துடைத்துவிட்டுப் பரிமாறினார். முப்பதுகளில் அடித்த புழுதியில் அவருடைய அம்மா பழகிய பழக்கமாம். அடுப்படியிலிருந்து மேசைக்கு வருவதற்குள் தட்டில் மண் படிந்துவிடுமாம். இவர் அப்போது கைக்குழந்தை, புழுதி நினைவிலேயே இல்லை. பழக்கம் மட்டும் நின்றிருக்கிறது.

1930இல் அந்தக் கவுன்டியில் 5,408 பேர். 2020 கணக்கெடுப்பில் 2,296. மழை பொய்த்ததும் மற்ற எல்லாரும் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு அங்கே ஏதாவது அனுபவம் உண்டா?

மலையேறி:
உண்டு. ஆனால் நான் போனது மேற்கே, கென்டன் பக்கம். பிளாக் மேசா ஏறுவதற்காக. 4,973 அடி, ஓக்லஹோமாவிலேயே உயரமான இடம். மேலே எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை, மேசை மாதிரி சமதளம். கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என்று வேறு நான்கு மாநிலங்களைத் தொடுகிற கவுன்டி அமெரிக்காவில் இது ஒன்றுதான். கென்டனில் கடிகாரம்கூட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, மாநிலத்தில் வேறெங்கும் அப்படி இல்லை.

என் மனதில் நிற்பது மலை இல்லை. கீழே கரிசோ ஓடையின் பாறைப் படுகையில் டைனோசர் கால்தடங்கள் இருக்கின்றன. முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கி, மூன்று விரலும் தெளிவாகத் தெரிந்தது. என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றில் காலை வைத்தான், அப்புறம் பேசவே இல்லை. ஆறு வயதுக்காரன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

கரிசல்மண்:
நெடுஞ்சாலை அண்ணே, தட்டு விஷயம் படித்துக் கண் கலங்கியது. ஆனால் மழை பொய்த்ததால் எல்லாரும் போய்விட்டார்கள் என்று எழுதியது சரியில்லை. வறட்சி அந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்தது எருமைப்புல்லின் வேர். முதல் உலகப்போரில் கோதுமை விலை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) இரண்டு டாலரைத் தாண்டியதும் புல்லை உழுது தள்ளினார்கள். 1931இல் விலை அரை டாலருக்கும் கீழே விழுந்தது. கடனைக் கட்ட இன்னும் உழுதார்கள், பிறகு நிலத்தைப் போட்டுவிட்டார்கள். வேர் இல்லாத மண்ணின் மேல்தான் வறட்சி வந்தது. 1935 ஏப்ரல் 14, அந்தக் கறுப்பு ஞாயிறன்று புயலில் சிக்கிய ஒரு பத்திரிகை நிருபர் பாய்ஸ் சிட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் எழுதிய செய்தியில்தான் அந்தப் புழுதிப் பிரதேசத்துக்கு 'டஸ்ட் பவுல்' (புழுதிக் கிண்ணம்) என்ற பெயர் அச்சேறியது.

எல்லாரும் போகவும் இல்லை. புழுதிக்குள் ஒரு விவசாயியும் இரண்டு பையன்களும் குனிந்து நடக்கிற புகைப்படம் பார்த்திருப்பீர்களே, ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்தது? அது இதே கவுன்டி, 1936. கறுப்பு ஞாயிறுக்கு அடுத்த வருஷமும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு மார்ச் மாதம் அதே சாலையில் எதிரே ஒரு பழுப்புச் சுவர் வந்தது, அரை நிமிடத்தில் என் வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த வழி போகிற யாராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். புழுதி வந்தால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சாலையை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரிகிற விளக்கைப் பார்த்தால், பின்னால் வருகிறவர் நீங்கள் சாலையில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து உங்கள் மேலேயே வந்து இடிப்பார். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். பாய்ஸ் சிட்டியிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், தண்ணீர் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். சிறு பிள்ளைகள் கூட வந்தால் ஈரத்துணி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

வயல்வெளி:
பாய்ஸ் சிட்டி கோர்ட் வாசலில் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "மேலே விளக்கைப் பார்" என்றார். 1943 ஜூலை 5 நள்ளிரவு தாண்டி, டெக்சாஸின் டால்ஹார்ட் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சிக்கு வந்த பி-17 குண்டுவீச்சு விமானம், கோர்ட்டைச் சுற்றி எரிந்த விளக்குகளைத்தான் தன் இலக்கு என்று நினைத்து ஆறு குண்டு போட்டது. பயிற்சிக் குண்டுகள், பெரும்பாலும் மணல். ஒரு கராஜ் அடிபட்டது, தேவாலயம் அடிபட்டது, உயிர்ச்சேதம் இல்லை. ஊர் விளக்கை அணைத்த பிறகுதான் விமானம் போனதாம். பெரியவர் அப்போது நான்கு வயதுப் பையன். அம்மா தன்னை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக்கொண்டதைச் சொல்லும்போது, தன் முதுகைத் தானே தொட்டுக் காட்டினார்.

கரிசல்மண், வேர் போனதற்குப் பழி முழுக்க விவசாயி மேல் விழுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதை ஒப்ப முடியவில்லை. அவர்களை அங்கே வரவழைத்ததே பொய்தான். அந்த எல்லைக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று சட்டம் இருந்ததால், 1850இல் டெக்சாஸ் தன் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள விட்டுக்கொடுத்த துண்டு நிலம் அது. 1890 வரை எந்த மாநிலத்துக்கும் எந்த ஆட்சிப்பகுதிக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. 1908இல் பாய்ஸ் சிட்டி மனைகளை விற்றவர்கள், மரம் இருக்கிறது, போட்ட சாலை இருக்கிறது, ஊற்று இருக்கிறது என்று துண்டறிக்கை அச்சடித்தார்கள். வந்து இறங்கியவர்கள் கண்டது வெறும் புல்வெளி. விற்றவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், வாங்கியவர்கள் தங்கிவிட்டார்கள்.

நெடுஞ்சாலை287:
கரிசல்மண் சொன்னது சரி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அன்று அந்த அம்மாவிடமே கேட்டிருந்தேன், உங்கள் வீட்டில் ஏன் போகவில்லை என்று. தனக்கு மூத்தவள் ஒருத்தி, புழுதி நுரையீரலில் போய் வருகிற புழுதி நிமோனியாவில் இறந்ததாகவும், அவளை அடக்கம் செய்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று தன் அம்மா உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார். அப்பா இரண்டு தடவை வண்டியில் சாமான் ஏற்றி, இரண்டு தடவையும் இறக்கியிருக்கிறார்.

மலையேறி, ஏப்ரலில் மறுபடி அந்தப் பக்கம் போகிறேன், இந்த முறை மகளோடு. அந்தக் கால்தடம் இருக்கும் இடத்துக்குக் கென்டனிலிருந்து எப்படிப் போவது என்று சொல்லுங்கள்.