லூக்கா 14:26 - அம்மாவ வெறுக்கணுமா? ரெண்டு பைபிள்ல ரெண்டு மாதிரி இருக்கே

கோத்தகிரி_மூடுபனி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு வருஷமாச்சு, கோயம்புத்தூர் வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கேன், ஒன்றரை ஏக்கர் டீ இருக்கு, இலை வித்துதான் ஓடுது. போன மாசம் ஒரு பிரசங்கியார் ஊழியத்துக்கு வா தம்பின்னாரு, அம்மாவ யாரு பாப்பாங்கன்னு கேட்டேன், உடனே 14:26 எடுத்து வாசிச்சுட்டாரு. "தன் தகப்பனையும் தாயையும்... வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்." அதுக்கப்புறம் நாலு ஞாயிறு சர்ச்சுக்குப் போகல, கோவம். நேத்து பக்கத்து வீட்டு ஆர்.சி. ஆன்ட்டியோட பைபிள்ல அதே வசனத்த பாத்தா "என்னைவிட மேலாகக் கருதினால்"னு இருக்கு, வெறுக்கிற பேச்சே இல்ல. இதுல எதுங்க சரி?

அருவங்காடு_ரிட்டயர்ட்:
தம்பி, பயப்படாதீங்க. கிரேக்கத்துல இருக்கிறது 'மிசேயோ', நேரடி அர்த்தம் வெறுக்கிறதுதான். நம்ம பழைய பைபிள் வார்த்தைக்கு வார்த்தை போட்டுச்சு, ஆன்ட்டி வச்சிருக்கிறது 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பா இருக்கும், அவங்க மத்தேயு 10:37 சொல்ற அர்த்தத்துல, அதாவது 'தகப்பனையாவது தாயையாவது என்னைவிட அதிகமா நேசிக்கிறவன்'ங்கிற மாதிரி, போட்டுட்டாங்க. யூதர் பேச்சுல 'வெறுக்கிறது'ன்னா கம்மியா நேசிக்கிறதுன்னும் வரும். ஆதியாகமம் 29ல யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமா நேசிச்சான்னு சொல்லிட்டு, அடுத்த வசனத்துல எபிரேயத்துல லேயாள் 'வெறுக்கப்பட்டாள்'னே இருக்கு, ஆனா நம்ம பழைய பைபிள்காரங்க அங்க மட்டும் 'அற்பமாய் எண்ணப்பட்டாள்'னு மெதுவாக்கிட்டாங்க பாருங்க. அவ்வளவுதான் விஷயம், அம்மாவ நல்லா பாத்துக்கோங்க.

கேத்தி_பேரன்:
ஐயா மன்னிக்கணும், 'அவ்வளவுதான்' இல்ல. நாங்க படுகர். கேத்திக்கு பாசல் மிஷன்ங்கிற சுவிட்சர்லாந்து மிஷனரி சங்கம் வந்தது 1846ல, எங்க கொள்ளுத்தாத்தா ரொம்பப் பின்னாடி ஞானஸ்நானம் எடுத்தவரு. அவங்க அம்மா செத்தப்போ ஹட்டிக்குள்ள, அதான் எங்க படுகர் ஊருக்குள்ள, அவர விடல. மேட்டுல நின்னு பாத்துட்டுத் திரும்பினார்னு வீட்ல சொல்வாங்க. மிஷன்காரங்க 1890ல படுக பாஷையில லூக்கா சுவிசேஷத்த கன்னட எழுத்துல அச்சடிச்சாங்க, இவருக்கு எழுத்து தெரியாது, யாரோ வாசிச்சுக் காட்டினாங்களாம். அவரு அம்மாவ வெறுக்கல, ஆனா வெறுத்தவன்னு பேரு வாங்கினாரு, அந்தப் பேரு வரும்னு இயேசு முன்னாடியே சொல்லியிருக்காருன்னு கேட்டப்பதான் அவருக்கு நிம்மதி. உங்க 'கம்மியா நேசி'ய வச்சுக்கிட்டு அவரு அந்த மேட்டுல என்ன பண்ணியிருப்பாரு? ரெண்டு வசனம் தள்ளி கோபுரம் கட்டுறவன் முதல்ல உட்கார்ந்து செலவு கணக்கு பார்க்கணும்னு வருது, செலவே இல்லைன்னா கணக்கு எதுக்கு?

ரோஸ்_குன்னூர்:
கேத்தி அண்ணே உங்க தாத்தா கதை கேட்டு கண்ணு கலங்கிடுச்சு, உண்மை. ஆனா அவரு தானே முடிவெடுத்தாரு, இங்க மைக்கு கையில இருக்கிறவரு அடுத்தவன் அம்மாவ விடச் சொல்றாரு, ரெண்டும் ஒண்ணா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ண ஜெபக்கூட்டத்துல இதே வசனத்த வச்சே வீட்ல இருந்து பிரிச்சாங்க, எட்டு வருஷம் அப்பன்கிட்ட பேசல. மாற்கு 7 வாசிங்க. அப்பா அம்மாவுக்குத் தரவேண்டியத 'கொர்பான்', தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லித் தப்பிச்சவங்கள இயேசு கிழிக்கிறாரு. சிலுவையில தொங்கிக்கிட்டே "அதோ, உன் தாய்"னு சீஷன்கிட்ட அம்மாவ ஒப்படைச்சாரு. அந்தப் பிரசங்கியார்தான் கொர்பான்காரர்.

கேத்தி_பேரன்:
பிரசங்கியார் பண்ணது தப்பு, அதுல சண்டையில்ல. நான் சொல்றது வேற. கஷ்டமா இருக்கிற ஒவ்வொண்ணையும் நாம சீவிக்கிட்டே வர்றோம். பணக்காரன் பரலோகம் போறதவிட ஒட்டகம் ஊசியின் காதுல நுழையறது சுலபம்னு இயேசு சொன்னாருல்ல, அந்த ஊசியின் காதுன்னா எருசலேம்ல ஒரு சின்ன வாசல், ஒட்டகம் முட்டி போட்டா நுழைஞ்சிடும்னு வருஷா வருஷம் கன்வென்ஷன்ல கேக்குறோம், அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே கிடையாது. யோவான் 6ல "இது கடினமான உபதேசம்"னு அத்தனை பேர் விட்டுட்டுப் போறாங்க, அவரு பின்னாடி ஓடி சமாதானம் சொல்லல, பன்னிரண்டு பேரப் பாத்து நீங்களும் போறீங்களான்னுதான் கேட்டாரு.

அருவங்காடு_ரிட்டயர்ட்:
வாசல் கதைய நான் சண்டே ஸ்கூல்ல இருபது வருஷம் சொல்லியிருக்கேன் 😄 சரி, ஒத்துக்கிறேன்.

கோத்தகிரி_மூடுபனி:
எல்லாத்தையும் ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் காலைல மூணு மணி, அம்மா பெட்ஷீட்ட நனைச்சுட்டாங்க, வெளிய பனி, கேஸ் தீந்துபோச்சு, விறகு அடுப்புல வெந்நீர் வச்சு, அவங்கள ஒரு பக்கமா உருட்டி பிடிச்சுக்கிட்டு ஷீட்ட உருவினப்போ, கை வழுக்கி அவங்க தலை கட்டில் கம்பில லேசா இடிச்சுது, அந்த நிமிஷம் நெஜமாவே வெறுத்தேங்க, வெறுக்கச் சொல்லி யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அப்புறம்தான் அந்த வசனத்த முழுசா வாசிச்சேன். பிரசங்கியார் 'தாயையும்'ல அழுத்தினாரு, கடைசில "தன் ஜீவனையும்"னு இருக்கு, அத லேசா கடந்துட்டாரு. என் வேலை, என் கல்யாணம், என் தூக்கம், அதுதானே என் ஜீவன்? அத விட்டுத்தானே இங்க இருக்கேன். ஆன்ட்டி பைபிள்ல படிச்சிருந்தா அதோட நிம்மதியா மூடி வச்சிருப்பேன், 'வெறுக்காவிட்டால்' குத்தினதாலதான் மறுபடி மறுபடி எடுத்தேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனேன், கடைசி பெஞ்ச்தான்.

ரோஸ்_குன்னூர்:
தம்பி சந்தோஷம், ஆனா எனக்கு இதுல ஒரு பயம் இருக்கு. தூங்காம சாகுறதையே ஊழியம்னு ஆக்கிடாதீங்க, அப்புறம் அதையும் யாராவது மைக்ல சொல்லி இன்னொருத்தர் தலையில கட்டுவாங்க. எங்க மாமியாரப் பாத்துக்க வேலைக்கு வந்த ஒரு அம்மா இப்ப ப்ரீதான், பஸ் காசும் சாப்பாடும் தந்து கூலி பேசிக்கலாம், வாரத்துல ரெண்டு ராத்திரி தங்குவாங்க.

கேத்தி_பேரன்:
நான் சொன்ன கணக்கு பார்க்கிறதும் இதுதான் தம்பி, அக்கா சொல்றத கேளுங்க. மத்ததுல நான் இன்னும் அக்காவோட ஒத்துப்போகல.

கோத்தகிரி_மூடுபனி:
அக்கா நம்பர் இன்பாக்ஸ்ல போடுங்க. செவ்வாய், வெள்ளி ராத்திரி வந்தா போதும், மறுநாள் இலை எடுக்கிற நாள்.