சுற்று பீவியிடம், பெயர் வான் ஹேலனிடம்: 5150 உண்மையில் யாருடையது?

வால்வு_மணி:
பீவி நிறுவனத்தின் பழைய 5150 ஆம்புக்கு (கிதார் ஒலிபெருக்கிக்கு) கேட்கும் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதே நிறுவனத்தின் 6505 அதைவிட மலிவு. இரண்டிலும் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் ஒரே வகை, ஒரே எண்ணிக்கை; திறனும் அதே 120 வாட். உள்ளே இருக்கும் மின்சுற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். 2004-இல் 5150-க்குப் பெயர் தந்த கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் பீவியை விட்டு விலகியபோது சுற்று அங்கேயே தங்கியது, பெயர் அவரோடு போனது. தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆனதை (1965–2005) வைத்து பீவி 6505 என்று எழுதிக்கொண்டது. ஆம்பை வடிவமைத்தவர் பீவியின் பொறியாளர் ஜேம்ஸ் பிரவுன். உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கா?

இளஞ்செழியன்:
மணி, இதில் அநியாயம் எங்கே வந்தது? 5150 என்பது வான் ஹேலன் 1983-இல் தன் வீட்டில் கட்டிய ஸ்டுடியோவின் பெயர். ஆம்ப் கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரசிகர்களுக்கு அந்த எண் பழக்கம். பீவி அந்தப் புகழை வைத்து விற்றது; ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தது. 2007-இல் அவர் கிதார் நிறுவனமான ஃபெண்டரோடு சேர்ந்து, தன் பெயரின் முதலெழுத்துகளான ஈவிஎச் முத்திரையில் 5150 வரிசையின் மூன்றாவது ஆம்பைக் கொண்டுவந்தார். தன் பெயரைத் தானே பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

மின்சுற்று:
தன் பெயரா? கலிபோர்னியச் சட்டத்தில் மனநலம் குன்றி ஆபத்தான நிலையில் இருப்பவரை 72 மணி நேரம் வரை மருத்துவக் காவலில் வைக்க அனுமதிக்கும் பிரிவின் எண் 5150. அரசின் எண்ணுக்கு ஒரு கிதார் கலைஞர் எப்படி உரிமை கோரலாம்?

தேனருவி:
எண்ணுக்கு யாரும் உரிமை கோரவில்லை. இன்ன பொருளின் மீது இந்தப் பெயரை வைத்து விற்கலாம் என்பதற்குத்தான் வணிக முத்திரை. அந்தச் சட்டப் பிரிவுக்கும் வால்வுக்கும் சம்பந்தமே இல்லை; அதனாலேயே அது பலமான முத்திரை. ‘உரத்த ஆம்ப்’ என்று பெயரிட்டுப் பதிவு கேட்டிருந்தால் அலுவலகம் திருப்பி அனுப்பியிருக்கும்.

மணி சொல்லும் உழைப்பை இந்தச் சட்டம் காப்பதே இல்லை. சுற்றைக் காக்கக் காப்புரிமை வேண்டும். அதுவும் 20 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 1962-இல் மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45 ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பின் சுற்றை அப்படியே ஒட்டி வந்தது. பாஸ்மேன் என்ற பெயரை வைத்திருந்தால்தான் வம்பு.

வால்வு_மணி:
அப்படியென்றால் பல ஆம்புகளின் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் கருவிகளில் நடக்கும் கூத்துக்கு என்ன பெயர்? லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் கருவியில் இதே 5150 ‘பிவி பனாமா’. ஃபிராக்டல் நிறுவனத்தின் கருவியில் ‘பிவிஎச் 6160’. வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்புக்கு ஹீலிக்ஸில் ‘எசெக்ஸ் ஏ30’. வாங்குபவர் குழம்பக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், எந்த ஆம்ப் எது என்று அறிய அட்டவணையைத் தேட வைக்கிறது!

இளஞ்செழியன்:
ஒப்பிட்டுக் காட்டுவதற்காகப் பிறர் முத்திரையைச் சொல்வதை அமெரிக்கச் சட்டம் தடுப்பதில்லை. கையேட்டில் உண்மைப் பெயரைச் சொல்லி, ‘உரிமையாளருக்கு எங்களோடு தொடர்பில்லை’ என்று ஒரு வரி சேர்க்கலாம். மெனுவில் வைக்கத்தான் தயங்குகிறார்கள். ஜெயிக்கக்கூடிய வழக்குக்கும் வக்கீல் செலவு உண்டே.

மின்சுற்று:
தயக்கம் புதிதல்ல. ஃபெண்டர் தன் கிதாருக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயர் வைத்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம் விற்றுவந்தது. 1951-இல் கிரெட்சிடமிருந்து ஒரு தந்தி வந்தவுடன் ஃபெண்டர் ஸ்டிக்கரில் இருந்த பெயரைக் கத்தரித்துவிட்டு ‘ஃபெண்டர்’ என்பதை மட்டும் ஒட்டியது. டெலிகாஸ்டர் என்று பெயர் சூட்டும் வரை அப்படியே விற்றார்கள். இன்று அந்தப் பெயரற்ற கிதார்களைச் சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மணி, உங்கள் வயிற்றெரிச்சலுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால்வு_மணி:
சேர்த்துக்கொண்டேன். நான் 6505-ஐத்தான் வாங்கப் போகிறேன். ஆனால் அந்த இரண்டு ஆம்புகளின் முகப்பிலும் ஜேம்ஸ் பிரவுன் பெயர் இல்லை. தேனருவி, இதற்கு உங்கள் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?

தேனருவி:
இல்லை. அதை அவர் வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தில் கேட்டிருக்க வேண்டும்.