வேலூர் வெயிலில், மண் தரை இல்லாத மாடிவீட்டில் குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

சத்துவாச்சாரி மாடிவீடு:
வணக்கம். வாடகை வீடு, முதல் மாடி, நாலு பேர். மண் தரை கிடையாது, கிழக்குப் பக்கம் 4-க்கு 8 அடி பால்கனி மட்டும்தான். தினமும் ஒரு பை நிறைய குப்பை வெளியே போகுது, அதைக் குறைக்கணும். மூங்கில் பிரஷ், எவர்சில்வர் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி செட் வாங்கச் சொல்லித்தான் எல்லா வீடியோவும் ஆரம்பிக்குது. உண்மையில எதை முதல்ல செய்யணும்? சமையல் கழிவை வீட்டுலயே உரமாக்கினா நாற்றம் வந்து ஹவுஸ் ஓனர் கேட்பாரோன்னு தயக்கம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம், எலும்பை என்ன செய்யறதுன்னும் சொல்லுங்க.

காட்பாடி உரவாளி:
முதல்ல எதையும் வாங்காதீங்க. ஒரு வாரம் சமையலறைக் கழிவை மட்டும் தனி வாளியில போட்டு, தினமும் எடை பாருங்க. நாலு பேர் வீட்டுல முக்கால் கிலோ சுமாருக்கு வரும். உங்க பையோட கனம் பெரும்பாலும் இதுதான். நாற்றமும் இதுலதான் வருது. இதைப் பிரிச்சுட்டா மீதி காய்ஞ்ச சரக்கு, பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடலாம். குழம்பு பட்ட அட்டைப்பெட்டியை எந்தக் கடையிலும் எடுக்க மாட்டாங்க. அதனால தொடங்க வேண்டிய இடம் ஈரக் குப்பை.

அதை உரமாக்க உங்க பால்கனிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூணு போதும். பெயிண்டிங் வேலை நடக்கிற வீட்டுல கேட்டா காலி வாளி கிடைக்கும். தண்ணீர் கலந்து அடிக்கிற எமல்ஷன் வாளியா வாங்கி, நல்லாக் கழுவிக்குங்க. சுத்துச் சுவர்ல 2 அங்குல இடைவெளியில பென்சில் மொத்தத்துக்கு ஓட்டை, அடியில அஞ்சாறு ஓட்டை. ரெண்டு செங்கல் மேல ஏத்தி, கீழே ஒரு தட்டு வையுங்க. மண்பானை வேணும்னா பளபளப்புப் பூச்சு இல்லாததா பாருங்க, பூச்சு இருந்தா காற்று உள்ளே போகாது.

அடியில 3 அங்குலம் காய்ஞ்ச இலை. அதுக்கு மேல அன்னைக்கு வந்த கழிவை நறுக்கிப் போடுங்க. கழிவு எவ்வளவோ அதே கொள்ளளவுக்கு சருகோ தென்னை நார்க்கழிவோ போட்டு மூடணும். எடையில பார்க்காதீங்க, கிண்ணத்தால அளந்து போடுங்க. ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒரு கிண்ணம் சருகு. முதல் நாள் மட்டும் ஒரு டம்ளர் புளிச்ச மோர், இல்லேன்னா ரெண்டு கை பழைய உரம். மூணு நாளைக்கு ஒரு தடவை குச்சியால அடிவரைக்கும் கிளறணும்.

தினமும் அளவு சுருங்கிக்கிட்டே போகும், அதனால ஒரு வாளி நிறைய 18, 20 நாள் ஆகும். நிறைஞ்சதை மூடி ஓரமா வைச்சு அடுத்ததுக்குப் போங்க. மூணாவது நிறையும்போது முதல் வாளிக்கு 40 நாள் ஓய்வு கிடைச்சிருக்கும். கறுப்பா, மழை பெய்ஞ்ச மண் வாசனையோட இருந்தா தயார். மணல் சல்லடையில சலிச்சு, சலியாததை அடுத்த வாளிக்கே போட்டுடுங்க. செடிக்கு ரெண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. பாதி மட்கினதைப் போட்டா வேர் வெந்துடும்.

போடக்கூடாதது: ஊறுகாய், எண்ணெய் மிதக்கிற குழம்பு, உப்பு அதிகமானது எதுவும், தேங்காய் ஓடு, மாங்கொட்டை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் காம்பைப் போடலாம், ஆனா பொடியா நறுக்குங்க. மட்க நாளாகும், வெறுங்கையால கிளறினா முள் ஏறும்.

குடியாத்தம் தோட்டக்காரர்:
மேலே சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாற்றத்துக்கான பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நம் மாவட்டத்தில் பாதி ஆண்டு பிரச்சினை அதற்கு நேர் எதிரானது. சித்திரை, வைகாசியில் வாளி காய்ந்துபோகும். காய்ந்தால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், எறும்பு குடியேறும். இரண்டு மாதமானாலும் வெங்காயத் தோல் வெங்காயத் தோலாகவே இருக்கும்.

கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒன்றும் வராமல் உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்துக் கிளறுங்கள். ஒழுகினால் சருகு சேருங்கள். உங்கள் பால்கனி கிழக்கு என்பதால் காலை வெயில் விழும். கோடையில் வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஒரு தகரமோ பழைய தட்டோ வையுங்கள், ஆனால் இறுக்கி மூடாதீர்கள்.

நாற்றம் இரண்டு வகை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை: கிளறிச் சருகு போடுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா என்றால் பச்சைக் கழிவு அதிகம், சருகு குறைவு. அப்போது சாம்பலும் சுண்ணாம்பும் போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். இரண்டும் காரத்தன்மையைக் கூட்டும், அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும். செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து அது.

இன்னொரு விஷயம், வீட்டில் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பான் இருந்தால் அது கழிக்கும் தண்ணீரை வாளிக்கும் செடிக்கும் ஊற்றாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில் திரண்டிருக்கும். சில மாதத்தில் இலை நுனி கருகும். தரை துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தை முதல் அலசு அலச அது போதும்.

தொரப்பாடி:
எலும்பு விஷயம். பால்கனி வாளியில வேண்டாங்க. மட்க மாசக்கணக்கில ஆகும், எலி வரும். தெரு நாய்க்கும் போடாதீங்க. வெந்த கோழி எலும்பு கூரா உடையும், தொண்டையிலும் குடல்லயும் குத்தும். பேப்பர்ல சுத்தி, வண்டி வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல வைச்சு, ஈரக் குப்பையோட தூய்மைப் பணியாளர்கிட்ட கொடுங்க. மிஞ்சின பிரியாணிச் சோறு கொஞ்சமா இருந்தா எலும்பு பொறுக்கிட்டு, உதிர்த்து, ரெண்டு மடங்கு சருகோட வாளியில போடலாம். கட்டியாப் போட்டா நடுவுல அழுகும்.

பக்கத்துல மாடு வைச்சிருக்கிறவங்க இருந்தா கழனித் தண்ணி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் கொடுங்க, நல்ல வழி. ஆனா சோறு நிறையக் கொடுக்காதீங்க. மாட்டு வயித்துல அமிலம் ஏறிப் படுத்துடும், பொங்கல் சமயத்துல கால்நடை டாக்டருங்க எச்சரிக்கிறது இதைத்தான். கீரைக்கட்டு ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின், காய்கறி ஸ்டிக்கர் ஒண்ணு விடாம எடுத்துட்டுத்தான் கொடுக்கணும்.

காட்பாடி உரவாளி:
காய்ந்த குப்பைக்கும் சொல்லிடறேன், இது சுலபம். பால் பாக்கெட் மூலையை முழுசா வெட்டி எடுக்காதீங்க, துண்டு தொங்கணும். அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். பாக்கெட்டை அலசி, கொடியில கிளிப் போட்டுக் காய வைச்சு, சேர்த்துப் போடுங்க. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுற சிப்ஸ், பிஸ்கட் உறையைப் பழைய பேப்பர் கடையில எடுக்க மாட்டாங்க. அது பல அடுக்கு, பிரிக்க முடியாது. குறைக்க ஒரே வழி அதை வாங்காம இருக்கிறது.

வீட்டு அபாயக் கழிவைத் தனியாப் பிரிக்கணும்னு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே இருந்துச்சு. நாப்கினைப் பேப்பர்ல நல்லாச் சுத்திக் கொடுங்க. இன்சுலின் ஊசியை மூடி போட்ட கெட்டி பாட்டில்ல சேருங்க. எல்.இ.டி. இல்லாத பழைய வகை டியூப்லைட்டுக்குள்ள பாதரசம் இருக்கு, உடைக்காதீங்க. இதையெல்லாம் கையால பிரிக்கிறவங்க நம்மை நம்பித்தான் கை வைக்கிறாங்க.

காட்பாடி அக்கா:
கடைக்குப் போறதைப் பத்தி யாரும் சொல்லல. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. ஆனாலும் கறிக்கடையில, மாவுக்கடையில வந்துடுது. கறிக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, செக்கு எண்ணெய்க்குத் தூக்கு. எடை போடறதுக்கு முன்னாடி காலி டப்பாவைத் தராசுல வைச்சுக் கழிக்கச் சொல்லணும், அப்புறம் சொன்னா தகராறு. எண்ணெய் ஒரு லிட்டர்னா 910 கிராம் சுமார், ஒரு கிலோ இல்ல. டப்பா சொட்டு ஈரமில்லாம இருக்கணும்.

மொத்தமா வாங்கினா உறை மிச்சம்னு ரவை, கோதுமை மாவை மூணு மாசத்துக்கு வாங்கிடாதீங்க. இந்த வெயில்ல வண்டு வைச்சு மொத்தமும் குப்பைக்குப் போகும். 15 நாளைக்கு மேல வேண்டாம், ரவையை வறுத்து வையுங்க. மஞ்சப்பை புதுசா அஞ்சு வாங்கறதை விட பழைய வேட்டியில ரெண்டு தைச்சு வண்டியிலேயே வைச்சுடுங்க. பை வீட்டுல இருந்து, நீங்க கடையில இருக்கிறதுதான் வழக்கமான தப்பு.

சத்துவாச்சாரி மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றிங்க. வாளி வைச்சு 16 நாள் ஆச்சு. நாற்றம் இல்ல, மேல வெள்ளைப் பூஞ்சை இருக்கு. ஆனா நேத்துலேர்ந்து அரை அங்குல நீளத்துக்குப் பழுப்பா, தட்டையா புழு நெளியுது. கொட்டிடலாமா?

குடியாத்தம் தோட்டக்காரர்:
கொட்டாதீர்கள். பூஞ்சை நல்ல அறிகுறி. அந்தப் புழு கறுப்புச் சிப்பாய் ஈயின் குஞ்சு. கழிவை வேகமாகத் தின்னும், கடிக்காது. அந்த ஈ வளர்ந்தபின் உணவில் வந்து உட்காருவதும் இல்லை. ஆனால் அது வந்திருக்கிறது என்றால் கழிவு எங்கோ திறந்து கிடக்கிறது, ஈரமும் கொஞ்சம் கூடுதல். இரண்டு அங்குலம் சருகால் மூடுங்கள். ஓட்டைகளுக்கு உள்பக்கம் பழைய கொசுவலையை ஒட்டுங்கள். புழு வெண்மையாக, சிறிதாக, ஒரு முனை கூராக இருந்தால்தான் வீட்டு ஈ. அப்போது சருகோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் கிளறுங்கள், மூன்று நாள் புதுக் கழிவை அடுத்த வாளியில் போடுங்கள்.