ஒராண்டா கோல்ட்ஃபிஷ் செவுளில் வெள்ளைப் புள்ளி, மருந்து போட்ட பிறகு மூன்றும் மூச்சு வாங்குகின்றன. அவசர உதவி!

புதுத்தொட்டி:
வணக்கம். மீன் வளர்ப்புக்கு நான் புதுசு. இரண்டு மாதம் முன்பு கொளத்தூரில் இரண்டடித் தொட்டியும் மூன்று ஒராண்டாவும் வாங்கினேன். ஒவ்வொன்றும் நாலு அங்குலம் இருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் உண்டு, ஹீட்டர் இல்லை. போன வாரம் ஒன்றின் செவுள் மூடியில் ரவை ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைப்புள்ளி நோய் என்று பக்கத்துக் கடையில் மெத்திலீன் புளூ கொடுத்தார்கள். தொட்டியைக் காலி செய்து, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மருந்து ஊற்றி நாலு நாளாகிறது. புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. இப்போது மூன்றுமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மருந்தை இரட்டிப்பாக்கலாமா?

தூண்டில்:
வெள்ளைப்புள்ளியேதான் ப்ரோ. ஹீட்டர் வாங்கி 30 டிகிரி வையுங்கள், கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள். என் மோலி மீனெல்லாம் அப்படித்தான் பிழைத்தது.

பழையவாளி:
தூண்டில் தம்பி, கொஞ்சம் பொறு. மூச்சு வாங்குகிற மீனுக்குத் தண்ணீரைச் சூடாக்கினால் இருக்கிற ஆக்சிஜனும் குறைந்துவிடும்.

புதுத்தொட்டி, மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். மூன்று கேள்வி: புள்ளி வாலில், வயிற்றில் எங்காவது இருக்கிறதா? மற்ற இரண்டுக்கும் வந்ததா? மூச்சு வாங்கல் மருந்துக்கு முன்பே இருந்ததா, பின்பா?

புதுத்தொட்டி:
அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். செவுள் மூடியிலும், பக்கத்துடுப்பின் முன்விளிம்பில் வரிசையாகவும் மட்டும்தான். வேறெங்கும் இல்லை. மற்ற இரண்டுக்கும் வரவில்லை. மூச்சு வாங்கல் முந்தாநாள் தொடங்கியது.

பழையவாளி:
அப்படியானால் அது நோயே இல்லை. உங்கள் மீன் ஆண், வயசுக்கு வந்திருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்ட்ஃபிஷுக்குச் சரியாக அந்த இரண்டு இடத்திலும் இப்படி முளைக்கும்.

நிஜ வெள்ளைப்புள்ளி ஓர் இடத்தில் நிற்காது. அந்த ஒட்டுண்ணி தோலுக்கடியில் புதைந்திருக்கும்வரை மருந்து தொடாது. முற்றியதும் உதிர்ந்து கல்லடியில் பெருகி, குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி ஒட்டும். அந்த நீந்தும் பருவத்தில்தான் மருந்துக்குச் சாகும். நம்மூர் வெயிலில் இந்தச் சுற்று சில நாளிலேயே முடியும். இதற்குள் மூன்றின் வாலும் உப்புத் தூவினாற்போல ஆகியிருக்க வேண்டும்.

மூச்சு வாங்கலுக்குக் காரணம் நீங்கள் செய்த வைத்தியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருந்தது. குளோரின் தண்ணீரில் தேய்த்துப் பாதியைக் கொன்றீர்கள், மீதியை நீல மருந்து பார்த்துக்கொண்டது. அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கிறதா?

புதுத்தொட்டி:
இப்போதுதான் வாங்கி வந்தேன். பச்சையாக வருகிறது, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) போல. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் 8.

மீசைக்கெளுத்தி:
குறுக்கே வருகிறேன். மெத்திலீன் புளூ கலந்த தண்ணீரில் அந்தப் பச்சையை அப்படியே நம்பாதீர்கள். அம்மோனியா இல்லாவிட்டால் கிட் மஞ்சள் காட்டும், அதோடு நீலம் கலந்தாலே பச்சைதானே! சொட்டு விடாத தொட்டித் தண்ணீரை இன்னொரு குழாயில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் நிஜமாகவே 2 என்றால், பிஹெச் 8-இல் அது ஆபத்து. பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும்.

பழையவாளி:
சரியான பாயிண்ட். ஆனால் எண் எதுவானாலும் இன்றைய வேலை ஒன்றுதான். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நாளைக்கும் பாதி. குளோரின் நீக்கி விட்ட தண்ணீர், தொட்டியின் அதே சூட்டில். காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் ஒன்று போடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், பட்டினியால் சாகாது. நீலத்தை எடுக்க ஃபில்டருக்கான ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று. தெரிந்தவர் யாருடைய தொட்டியாவது நோயில்லாமல் இருந்தால், அவர்களுடைய பழைய ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழியுங்கள். அழுக்குத் தண்ணீர் வரும், பயப்படாதீர்கள், நமக்கு வேண்டியது அதுதான்.

தூண்டில்:
அப்போ உப்பே வேண்டாமா அண்ணா?

பழையவாளி:
அம்மோனியாவுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. அடுத்த கட்டத்தில் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். அது ஏறும்போது லிட்டருக்கு 1 கிராம் உப்பு உதவும். அயோடின் கலக்காத கல்லுப்பே போதும். அப்புறம், ஐம்பது லிட்டரில் மூன்று ஒராண்டா நெருக்கடி. அதைப் பிறகு பேசுவோம்.

புதுத்தொட்டி (ஒன்பது நாள் கழித்து):
மூன்றும் உயிரோடு இருக்கின்றன. மாடி வீட்டு அக்காவின் ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், தொட்டி ஒரு மணி நேரம் காப்பி மாதிரி இருந்தது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். அம்மோனியா 0.25, நைட்ரைட் லேசாகத் தெரிகிறது, உப்பு போட்டுவிட்டேன். ஸ்பாஞ்சை இனிமேல் தொட்டித் தண்ணீரில்தான் அலசுவேன். புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த மீன் காலையிலிருந்து மற்ற இரண்டின் வால்பக்கத்தையே முட்டி முட்டித் துரத்துகிறது. சண்டையா அண்ணா?

பழையவாளி:
சண்டையில்லை. முட்டை தெரிந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மூன்றும் சேர்ந்து தின்றுவிடும்.