வேலூர் பக்கம் நல்ல சிபிடி தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆம்பூர் உறுப்பினர் கேட்டது: கை கழுவும் ஓசிடிக்கு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செஞ்சதையே செய்ய வைக்கிற மனநோய்) மாத்திரையோட சிபிடியும் (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திப் பழக்குற பேச்சு சிகிச்சை) வேணும்னு டாக்டர் எழுதியிருக்கார். போர்டு நிறைய இருக்கு. யாரை நம்புறது?

காட்பாடி உறுப்பினர்: முதல்ல ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவைப் பாருங்க. "கவுன்சிலர்"னு பதிவு இல்லாமலே பலர் இங்க போர்டு மாட்டுறாங்க. ஒரு மாச டிப்ளமோ முடிச்சவரும் மாட்டியிருக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டிருந்தா சிஆர்ஆர் நம்பர் (ஆர்சிஐ பதிவேட்டு எண்) கேளுங்க. கேட்டா நல்லவங்க யாரும் கோபப்பட மாட்டாங்க. ஆர்சிஐ இணையதளத்துல அந்த நம்பரைப் போட்டு, பேர் பொருந்துதா, பதிவு காலாவதி ஆகலையான்னு பாருங்க. முக்கியமா, எந்தப் பிரிவுல பதிவுன்னும் பாருங்க. சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாருக்கும் அதே கவுன்சில்தான் நம்பர் தருது. நம்பர் இருக்குன்னு மட்டும் பார்த்து ஏமாறுறது இங்கதான். மனநல மருத்துவரோ மனநல சமூகப் பணியாளரோ பயிற்சி எடுத்திருந்தா அவங்களும் சிபிடி செய்யலாம். அவங்களுக்கு ஆர்சிஐ பதிவு இல்லைன்னு ஒதுக்கிடாதீங்க.

பாகாயம் உறுப்பினர்: பதிவு வாசல் வரைக்கும்தான். உள்ளே என்ன நடக்குதுன்னு முதல் மூணு செஷன்லயே தெரிஞ்சிடும். 45 முதல் 60 நிமிஷம், வாரம் ஒரு தடவை. தொடக்கத்துல "இன்னிக்கு என்ன பார்க்கலாம்"னு முடிவு பண்ணணும், போன வார வீட்டுப்பாடத்தைக் கேட்கணும், முடிக்கும்போது அடுத்த வீட்டுப்பாடம் தரணும். மனச்சோர்வுக்கு பிஹெச்க்யூ-9 (மொத்தம் 27 மதிப்பெண்), ஓசிடிக்கு ஒய்-பாக்ஸ் (மொத்தம் 40) மாதிரி கேள்விகள் கேட்டு அளக்குற ஒரு அளவுகோல்ல ஆரம்பத்துலயே மதிப்பெண் எடுத்து, இடையிடையே திரும்ப எடுக்கணும். வெறுமனே பேசிட்டு, "பாசிட்டிவா நினைங்க"ன்னு அனுப்பினா அது சிபிடி இல்லை.

வீட்டுப்பாடத்துல ஒண்ணு எண்ணப் பதிவுத் தாள். பயம் வந்தப்போ மனசுல ஓடினதை எழுதி, அது சரியான்னு பார்க்கிறது. அது எப்படி இருக்கும்னு ஒரு மாதிரி:
நடந்தது: மகன் ராத்திரி எட்டு மணிக்கு போன் எடுக்கலை.
மனசுல ஓடினது: "பஸ் கவுந்திருக்கும்." நம்பிக்கை 100க்கு 90.
இதுக்கு ஆதாரம்: போன் எடுக்கலை, அவ்வளவுதான்.
எதிர் ஆதாரம்: போன வாரமும் சார்ஜ் இல்லாம இப்படித்தான்.
இப்போ நம்பிக்கை: 40.

இதை வீட்ல பேசுற பேச்சுலயே எழுதணும். தமிழோ, உருதோ, தெலுங்கோ, எதுல பயம் வருதோ அதுல. இங்கிலீஷ் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னா பலர் டாக்டருக்குப் பிடிச்ச வார்த்தையைத்தான் எழுதுவாங்க.

ஆற்காடு உறுப்பினர்: ஓசிடின்னா ஒரே கேள்வி கேளுங்க: "இஆர்பி செய்வீங்களா?" பயப்படுற பொருளைத் தொட வச்சு, கழுவ விடாம இருக்கப் பழக்குற முறை அது. பயத்தை 0 முதல் 100 வரை ஏணியா எழுதுவாங்க: வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் 30, டவுன் பஸ் கம்பி 55, பொதுக் கழிப்பறைக் கதவு 90. நடுப்படியில ஆரம்பிச்சு, தெரபிஸ்ட்டும் கூடவே கம்பியைத் தொட்டு, பதட்டம் தானா இறங்குற வரைக்கும் கழுவாம உட்கார்ந்திருக்கணும். எடுத்த எடுப்புலயே 90க்குத் தள்ளினா அடுத்த வாரம் ஆள் வரமாட்டாங்க. இன்னொரு தப்பு, ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் ஆகாது"ன்னு தைரியம் சொல்றது. கொஞ்ச நாள்ல அந்த வார்த்தையைக் கேட்கிறதே இன்னொரு கழுவலா ஆயிடும். வீட்ல இருக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லித்தர ஒரு செஷன் ஒதுக்குறவரைப் பிடிச்சுக்கோங்க.

பாகாயம் உறுப்பினர்: இடம் பத்தி. சிஎம்சி மனநலப் பிரிவு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துல இல்லை, பாகாயத்துல இருக்கு. காட்பாடி ஸ்டேஷன்ல இருந்து 1, 2 நம்பர் பஸ். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. எந்தக் கற்பிக்கும் ஆஸ்பத்திரியானாலும் பயிற்சியில இருக்கிறவர் சிபிடி செய்யலாம். மூத்தவர் மேற்பார்வை இருந்தா அது குறையே இல்லை. ஆனா "இன்னும் எத்தனை மாசம் இங்க இருப்பீங்க?"ன்னு முதல் நாளே கேளுங்க. பொதுவா 12 முதல் 20 செஷன் ஆகும், பாதியில ஆள் மாறினா திரும்பப் பழகவே ஒரு மாசம் போயிடும். ஆம்பூர்ல இருந்து வாராவாரம் வர முடியலைன்னா, முதல் சில செஷன் நேர்ல, மீதி வீடியோலன்னு கேட்டுப் பாருங்க.

காட்பாடி உறுப்பினர்: மூணு சிட்டிங்ல குணம்னு சொல்றவர், மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்றவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்றவர், இந்த மூணு பேர்கிட்டயும் போகாதீங்க. உயிரை விடணும்ங்கிற எண்ணம் வந்தா அடுத்த செஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நேரா அவசரப் பிரிவுக்குப் போங்க, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஆறேழு செஷன் ஒழுங்கா போய், வீட்டுப்பாடமும் செஞ்சு, மதிப்பெண் அசையலைன்னா அதை அவர்கிட்டயே வெளிப்படையா பேசுங்க. மாத்தணும்னு முடிவானா, எத்தனை செஷன், ஏணியில எந்தப் படி வரைக்கும், முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண்னு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்கிட்டுப் போங்க. சிகிச்சைப் பதிவைக் கேட்கிற உரிமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல இருக்கு.