பின் வளவில அம்மாவுக்கு ஒரு அறை

குழு: கொக்குவில் வீட்டுக்காரர்

சின்னண்ணா: (படம்)
சின்னண்ணா: எங்கட ரொறன்ரோ வீட்டுப் பின் வளவுக்கு ஷெட், 12 அடிக்கு 14 அடி. வாற சனி கொண்டு வந்து பூட்டித் தருவினமாம். கட்டில், ஹீட்டர், முகம் கழுவ ஒரு பைப். அம்மாவுக்கு அறை ரெடி. எல்லாருக்கும் சரியோ?

பெரியக்கா: அம்மா ஷெட்டுக்குள்ளயோ??

சின்னண்ணா: உள்ளுக்கு இன்சுலேஷன் அடிக்கிறன் அக்கா. பேஸ்மென்ட் படியில அவ இனி இறங்கேலாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்

பெரியக்கா: படி எண்டு சொன்னனான். ஷெட் எண்டு சொல்லேல்ல

லண்டன் சித்தி: வடிவாயிருக்கு. என்ன நிறம்

மயூரி: மாமா நகரசபைப் பெர்மிட் எடுத்தனீங்களோ?

சின்னண்ணா: ஷெட்டுக்குத் தேவையில்லையாம். கடைக்காரன் சொன்னவன்

அத்தான்: மச்சான், கடைக்காரன் சொன்னது பாதிதான் சரி. ஒன்ராறியோவில முந்தி 10 சதுர மீட்டர் வரைக்கும்தான் பெர்மிட் இல்லாமல் ஷெட் வைக்கலாம். 2022இல அதை 15 ஆக்கினவை. ஆனால் ஒரு தட்டு மட்டும் இருக்கோணும், வீட்டோட ஒட்டாமல் நிக்கோணும், தண்ணிப் பைப் வரக்கூடாது, வீட்டுச் சாமான் வைக்க மட்டும் பாவிக்கோணும். இவ்வளவும் சேர்ந்தால்தான் விலக்கு. உங்கட 12 தர 14 எண்டால் 168 சதுர அடி. அது 15.6 சதுர மீட்டர். அளவிலயே தாண்டீட்டியள். பைப் போட்டால் அதுவும் பிழை. ஆள் படுத்தால் விலக்கே இல்லை.

மொன்றியல் தம்பி: 10 தர 16 எடுத்தால்?

அத்தான்: 160 சதுர அடி, 14.9. அளவு சரி. ஆனால் மண்வெட்டி படுக்கலாம், மாமி படுக்கேலாது. இன்னொண்டு. பெர்மிட் தேவையில்லை எண்டால் விதியே இல்லை எண்டு நினைக்கக்கூடாது. வேலியிலயிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம் எண்ட சோனிங் விதி சின்ன ஷெட்டுக்கும் இருக்கு.

சின்னண்ணா: 500 டொலர் அட்வான்ஸ் குடுத்திட்டன்

மயூரி: ஐயோ மாமா

லண்டன் சித்தி: இஞ்சயும் அப்பிடித்தான். வேலிக்கு 2 மீட்டருக்குள்ள எண்டால் 2.5 மீட்டருக்கு மேல உயர்த்தேலாது. தனி வீடு மாதிரி ஆள் இருக்கவும் விடமாட்டினம். பக்கத்து வளவில ஷெட்டுக்குள்ள நாலு பெடியளை வாடகைக்கு வைச்சு, பிறகு ராவோட ராவா வெளியேத்தினது

பெரியக்கா: வேலிக்கதை எங்கட ஆக்களுக்குப் புதுசே. ஊரில கதியாலுக்கு ஆர் சோனிங் பாத்தது

லண்டன் சித்தி: ஏன் பிள்ளை இப்ப அது

பெரியக்கா: சும்மா சொன்னனான் சித்தி

லண்டன் சித்தி: அந்தப் பூவரசு தானா முளைச்சது. நாங்கள் வேலியைத் தள்ளி நடேல்ல

மொன்றியல் தம்பி: 40 வருசமாச்சு. விடுங்கோவன்

பெரியக்கா: அப்பா சாகும் வரைக்கும் விடேல்ல

மயூரி: அப்பா நீங்கள் அந்த கார்டன் சூட் விசயத்தைச் சொல்லுங்கோ

அத்தான்: ஓம், அதுதான் நேர்வழி. ரொறன்ரோ நகரசபை 2022 பெப்ரவரியில கார்டன் சூட் சட்டம் கொண்டு வந்தது. வீட்டுக்குப் பின்னால, குசினி குளியலறையோட, ஆள் குடியிருக்கிற சின்ன வீடு கட்டலாம். அதே வருசம் நவம்பரில மாகாணமும் ஒரு காணியில மூண்டு குடியிருப்பு வரைக்கும் விட்டது. அதால மேல் வீடு, பேஸ்மென்ட், பின் வீடு எண்டு வைக்கலாம். பேஸ்மென்ட்டில இருக்கிற பிள்ளையளை வெளியேத்தத் தேவையில்லை. கார் பார்க்கிங் புதுசா காட்டவும் தேவையில்லை. நகரசபைச் சட்டப்படி பின் வீடு பிடிக்கிற நிலம் பின் வளவில 40 வீதம் அல்லது 60 சதுர மீட்டர், இதில எது குறைவோ அதுக்குள்ள இருக்கோணும். 60 எண்டால் 646 சதுர அடி. மாமிக்கு அதில பாதியே காணும்.

சின்னண்ணா: எங்கட வளவு அவ்வளவு நீளமில்லை அத்தான். முன் வீட்டுக்கும் பின் வீட்டுக்கும் இடையில 5 மீட்டர் விடோணும், உயரத்தைக் கூட்டினால் 7.5 எண்டெல்லோ சொன்னவை

அத்தான்: அது பழசு. 2024 நவம்பரில மாகாணம் 4 மீட்டருக்கு மேல கேக்கக்கூடாது எண்டு மாத்தினது. உங்களுக்கு நல்லது. ஆனால் ரெண்டு விசயம் பாக்கோணும். ஒண்டு, பின்னால நிக்கிற மேப்பிள் மரம். நிலத்திலயிருந்து 1.4 மீட்டர் உயரத்தில விட்டம் 30 சென்ரிமீட்டர் அல்லது கூட எண்டால், சொந்த வளவெண்டாலும் பெர்மிட் இல்லாமல் தறிக்கேலாது, வேரைக் காயப்படுத்தவும் ஏலாது.

சின்னண்ணா: பொறுங்கோ

மொன்றியல் தம்பி: ஆர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனது? அம்மான்ர அர்ச்சனைக்கு நான் காசு அனுப்பினனான்

பெரியக்கா: போனனான். மோதகம் பிரிட்ஜில இருக்கு

சின்னண்ணா: சுற்றளவு 131

மயூரி: 3.14ஆல பிரிச்சால் 41.7 செமீ விட்டம். மரம் நிக்கும் மாமா

சின்னண்ணா: அம்மாவுக்கும் அந்த மரம் விருப்பம்தான்

பெரியக்கா: ரெண்டாவது என்ன, சொல்லுங்கோ

அத்தான்: வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் இடையிலான ஒழுங்கை. தீயணைப்புக்காரர் ரோட்டிலயிருந்து பின் வீட்டு வாசலுக்கு நடந்து வாற வழி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் வெறுமனே இருக்கோணும். ரோட்டிலயிருந்து வாசல் 45 மீட்டருக்குள்ள எண்டால் சுகம். மச்சான், உங்கட ஏர்கண்டிஷன் பெட்டி அந்த ஒழுங்கைக்குள்ள நிக்குது. போன கோடையில நான் பக்கவாட்டாத்தான் நுழைஞ்சனான். ராவில மாமிக்கு மூச்சு வாங்கினால் ஸ்ட்ரெச்சர் அதுக்குள்ளாலதான் வரோணும். பெர்மிட்டை விடுங்கோ, இதை யோசியுங்கோ.

சின்னண்ணா: ம்

சின்னண்ணா: பெட்டியை நகத்தலாம்

மொன்றியல் தம்பி: எவ்வளவு முடியும் எல்லாம் சேர்த்து

சின்னண்ணா: ஷெட் எண்டபடியால்தான் நான் தனிய போடுறன் எண்டனான். வீடு எண்டால் எல்லாரும் போடோணும். கொழும்புக் காசு எங்க போனதெண்டு நான் கேக்கேல்ல

மொன்றியல் தம்பி: கேட்டாச்சு

பெரியக்கா: இஞ்ச வேண்டாம். போனில கதையுங்கோ

லண்டன் சித்தி: பின் வீடு ஆற்ற பேரில வரும்

அத்தான்: ஆற்ற பேரிலயும் தனிய வராது சித்தி. அது முன் வீட்டோட சேர்ந்த துணைக் கட்டடம். காணி ஒண்டுதான், வேலி போட்டுப் பிரிக்கிற கதையில்லை.

பெரியக்கா: அம்மாட்டக் கேட்டனான். எந்தப் பக்கம் வைச்சாலும் சரியாம். ஆனால் படுத்திருக்கேக்க குசினி லைட் தெரியோணுமாம். ராவில ஆராவது எழும்பித் தண்ணி குடிச்சால் தனக்குத் தெரியோணுமாம்

மயூரி: அம்மம்மா

சின்னண்ணா: அப்ப ஜன்னல் வீட்டுப் பக்கம் வைக்கோணும்

பெரியக்கா: பிளான் கீறி, பெர்மிட் எடுத்து, கட்டி முடிய அடுத்த பனி வந்திடும். அதுவரைக்கும் கீழ்ச் சாப்பாட்டறையில கட்டிலைப் போடுவம். மேசையை நான் எடுக்கிறன்

சின்னண்ணா: அந்த மேசை அப்பா வாங்கினது

பெரியக்கா: தெரியும். எடுத்து வைக்கிறன் எண்டனான், கொண்டு போறன் எண்டு சொல்லேல்ல

மொன்றியல் தம்பி: ஷெட்டை நிப்பாட்டுறதோ

சின்னண்ணா: திங்கள் கடைக்கு அடிச்சுக் கேக்கிறன், 10 தர 16ஆ மாத்துவினமோ எண்டு. கராஜில கிடக்கிற சாமானைப் போடலாம். மற்றது பாப்பம்

அத்தான்: ஞாயிறு பத்து மணிக்கு வாறன். பின் வளவு நீளம், ஒழுங்கை, மரத்துக்கும் வீட்டுக்கும் இடைத்தூரம், மூண்டையும் அளந்து கீறுவம். கீறினால்தான் என்ன ஏலும் எண்டு தெரியும்.

சின்னண்ணா: நீட்டு டேப் கொண்டு வாங்கோ அத்தான். என்ர 5 மீட்டர்தான்